ஜெனரல் தவளையின் கழுத்து

வெர்னா டோலெஃப்சன் ஆறு வருஷமாக ஸ்ட்ரௌட் கார்ட்டூன் ஸ்டுடியோவில் மை போட்டுக்கொண்டிருந்தாள். ஆண்கள் பென்சிலில் வரைந்து அனுப்பும் சேவலையும் பூனையையும் செல்லுலாய்டு தாளில் பேனாவால் பிசிறில்லாமல் படியெடுப்பது அவள் வேலை. கை நடுங்கவே நடுங்காது. நைலான் எல்லாம் பாராசூட்டுக்குப் போய், லாஸ் ஏஞ்சலஸ் கடைகளில் காலுறை என்ற சரக்கே இல்லாமல் போனபோது, சனிக்கிழமை நடனத்துக்குப் போகிற பெண்கள் அவள் முன்னால் வரிசையில் நின்று கெண்டைக்காலைக் காட்டுவார்கள். புருவப் பென்சிலால் குதிகால்வரை ஒரே இழுப்பில் காலுறையின் பின்தையல் மாதிரிக் கோடு போட்டுவிடுவாள். நாலடி தள்ளி நின்று பார்த்தால் அசல் காலுறைதான்.

1943 தொடக்கத்தில் ஸ்டுடியோவின் பதினான்கு அனிமேட்டர்களில் ஒன்பது பேர் பட்டாளத்துக்குப் போயிருந்தார்கள். பத்தாவது ஆளான ஹாரி இவாசே பட்டாளத்துக்குப் போகவில்லை. அவன் பிறந்தது கலிஃபோர்னியாவில்தான். ஆனால் அப்பா அம்மா ஜப்பானிலிருந்து வந்தவர்கள் என்பதால் அரசாங்கம் குடும்பத்தையே பாலைவனத்தில், மான்ஸனார் முகாமில், முள்கம்பி வேலிக்குள் வைத்திருந்தது. அவன் மேஜை காலியாகக் கிடந்தது. மேஜைமேல் அவன் முகம் பார்க்கும் வட்டக் கண்ணாடி. அனிமேட்டர்கள் எல்லோரும் அப்படி ஒன்றை வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து மூஞ்சியை அஷ்டகோணலாக்கி வரைவது வழக்கம்.

"யுத்தம் முடியறவரைக்கும் நீங்க அங்க உக்காருங்க, மிஸ் டோலெஃப்சன்" என்றார் முதலாளி ஹார்லன் ஸ்ட்ரௌட். வெர்னாவுக்குச் சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

முதல் வேலை பட்டாளத்துக்கான ஐந்து நிமிஷப் படம். கதாநாயகன் சார்ஜன்ட் ரஸ்டி என்ற சேவல். அது எப்போதும் சரியாகவே நடந்துகொள்ளும், ஷூவுக்கு ஒழுங்காகப் பாலிஷ் போடும், யாரும் அதை இரண்டாம் தடவை பார்க்க ஆசைப்பட்டதில்லை. வெர்னாவுக்குக் கொடுக்கப்பட்டது எதிரி. ராணுவத்திலிருந்து வந்த குறிப்பில் மூன்று வரி இருந்தது. எதிரி பயங்கரமானவனாக இருக்க வேண்டும். எதிரி முட்டாளாக இருக்க வேண்டும். பார்க்கும் சிப்பாய் எதிரிக்குப் பயப்படவும் கூடாது, அவனை அலட்சியமாக நினைக்கவும் கூடாது.

குறிப்போடு ஒரு மாதிரிப் படமும் வந்திருந்தது. சாய்ந்த கண், சோடாபுட்டிக் கண்ணாடி, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பல். அந்த வருஷம் ஊரிலிருந்த எல்லா ஸ்டுடியோவிலும் அதே பல்தான். வெர்னா இரண்டு நாள் அதை வரைந்தாள், அழித்தாள், வரைந்தாள்.

மூன்றாம் நாள் இஸி ஃபெல்ட்ஷர் வந்து மேஜை ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் சிரிப்புக் காட்சி எழுதுகிறவர். புரூக்ளின்காரர். பற்றவைக்காத சுருட்டை வாயில் வைத்துக்கொண்டே பேசுவார்.

"எப்படிம்மா இருக்கான் நம்ம எதிரி?"

"பல்லா இருக்கான்."

"அது தெரியுது. அப்புறம்?"

"இந்த மேஜைல உக்காந்து இதை வரைய முடியல இஸி. டிராயரத் தொறந்தா ஹாரியோட ரப்பர் கெடக்கு. அவன் பேரு எழுதியிருக்கு அதுல."

இஸி கொஞ்ச நேரம் சுருட்டை இடமும் வலமுமாக நகர்த்தினார். பிறகு மாதிரிப் படத்தை எடுத்து நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக்காலுக்கு அண்டை கொடுத்தார்.

"தவளையாப் போடு."

"தவளையா?"

"தவளைக்கு இந்த ஊர்ல சொந்தக்காரங்க யாரும் கிடையாது. இருந்தாலும் அவங்களுக்குப் புகார்க் கடுதாசி எழுதத் தெரியாது. பச்சை, ராணுவச் சட்டை, மார்பு நிறையப் பதக்கம். பேரு ஜெனரல் க்ரோக். கேக்கறவங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

தவளை வந்துவிட்டது. ஆனால் அசையவில்லை. உடம்பு இருந்தது, உள்ளே ஆள் இல்லை. வெர்னா கண்ணாடியைப் பார்த்து உறுமினாள், புருவத்தை நெரித்தாள். கண்ணாடிக்குள் மினசோட்டாவிலிருந்து வந்த ஒரு சாதுப் பெண் தலைவலியோடு உட்கார்ந்திருந்தாள். சர்வாதிகாரி வருகிற முகமே இல்லை அது.

ஆள் கிடைத்தது வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் பதினொரு மணிக்கு ஸ்ட்ரௌட் எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசுவார். குட்டையான மனிதர். சட்டையின் கழுத்துப்பட்டி எப்போதும் ஒரு அளவு சின்னது. அந்த வாரம் புதிதாக ஒரு ஏற்பாட்டை அறிவித்தார். கழிப்பறைக்குப் போகிறவர்கள் இனிமேல் வாசலில் மாட்டியிருக்கும் அட்டையில் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"அங்க நம்ம பசங்க சாகறாங்க. இங்க நீங்க வீணாக்கற ஒவ்வொரு நிமிஷமும் ஒரு தோட்டா. நான் உங்ககிட்ட கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். தியாகம்."

தியாகம் என்ற சொல் வரும்போது குதிகாலை உயர்த்திக் கால்விரலில் நின்றார். கழுத்து பட்டிக்கு மேலே உப்பி வழிந்தது. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, டையின் நுனியால் துடைத்து, இரண்டாம் தடவை அதே சொல்லைச் சொல்வதற்காக மறுபடி மாட்டிக்கொண்டார். நாற்காலி மெத்தைகளைக்கூட ராணுவ ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தாயிற்று. அவருடைய நாற்காலி மெத்தை மட்டும் நிர்வாகக் காரணங்களுக்காகத் தங்கிவிட்டது.

வெர்னாவின் பென்சில் தானாக ஓடியது. புத்தம்புதுக் கழிப்பறை அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் பத்து நிமிஷத்தில் பதினாறு தவளை. குதிகால் உயரும் தவளை, கழுத்து உப்பும் தவளை, டையால் கண்ணாடி துடைக்கும் தவளை. பக்கத்திலிருந்த இஸி எட்டிப் பார்த்தார். அவருடைய சுருட்டு மெதுவாக மேலே நிமிர்ந்தது.

வேண்டுமென்று செய்யவில்லை என்று வெர்னா பின்னாளில் சொல்வாள். பாதி உண்மை.

படம் இப்படி வந்தது. ஜெனரல் க்ரோக் பீப்பாய்மேல் ஏறித் தன் படைக்குத் தியாகத்தைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுகிறான். கேட்டுக் கேட்டு ஒரு சிப்பாய்த் தவளைக்கு ஒன்றுக்கு வந்துவிடுகிறது. கை தூக்குகிறது. அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ என்கிறான் ஜெனரல். அதைப் பார்த்து இன்னொன்று, இன்னொன்று. கடைசியில் மொத்தப் படையும் கால்களைப் பின்னிக்கொண்டு கையெழுத்துக்காக வரிசையில் நிற்கிறது. இருப்பது ஒரே பேனா. அந்த நேரம் பார்த்து சேவல் வந்து கோட்டையைப் பிடித்துவிடுகிறது. ஜெனரல் மட்டும் பீப்பாய்மேல் நின்று பேசிக்கொண்டே இருக்கிறான்.

முதலாளிக்குப் போட்டுக் காட்டிய அன்று சின்ன அரங்கில் முப்பது பேர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெர்னா மனசுக்குள் பெட்டி கட்டி மினசோட்டா ரயிலே ஏறிவிட்டாள். திரையில் தவளை கால்விரலில் நின்றது. கழுத்து உப்பியது. டையை எடுத்தது.

ஸ்ட்ரௌட் சிரித்தார். முதலில் குலுங்கினார், பிறகு தொடையில் தட்டினார், வரிசைக் காட்சியில் கண்ணில் தண்ணீர் வந்து, கண்ணாடியைக் கழற்றி டையின் நுனியால் துடைத்துக்கொண்டார். பின்வரிசையில் யாரோ இருமுவதுபோல் ஒரு சத்தம் போட்டார்கள்.

"இந்த மாதிரி ஆளுங்ககிட்டேர்ந்துதான்யா நாம உலகத்தக் காப்பாத்தணும்" என்றார் எழுந்து நின்று. "அந்த அட்டை விஷயம் பிரமாதம் ஃபெல்ட்ஷர். எங்கேர்ந்து புடிச்சீங்க?"

"பெர்லின் பக்கத்துலேர்ந்து ஒரு சேதி காதுல விழுந்துச்சு சார்."

"செய்வானுங்க. அவனுங்க எதையும் செய்வானுங்க" என்றார் ஸ்ட்ரௌட்.

அடுத்து ராணுவத்தின் சார்பில் கேப்டன் டெல்பர்ட் ரே வந்தார். யுத்தத்துக்கு முன்னால் ஒஹாயோவில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். ஒல்லி. கையில் பத்தொன்பது கேள்விகள் கொண்ட படிவம். எதிரி அச்சமூட்டுகிறானா? ஆம். எதிரி நகைப்புக்குரியவனா? ஆம். இரண்டுக்கும் ஆம் என்று போட்டபோது ஒரு கணம் யோசித்தார். ஆனால் படிவத்தில் அதைக் கேட்க இடமில்லை. கையெழுத்துப் போட்டார். படம் முகாம் முகாமாகக் கிளம்பியது.

இரண்டு மாதத்தில் கடிதங்கள் வர ஆரம்பித்தன. ஜெனரல் க்ரோக்குக்கு நானூற்றுச் சொச்சம். சார்ஜன்ட் ரஸ்டிக்கு மூன்று, அதில் ஒன்றை எழுதியவர் கோழிப் பண்ணை வைத்திருப்பவர். டெக்ஸஸில் ஒரு முகாமில் கர்னல் முன்வரிசையில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தாராம். அவருக்குப் பின்னால் எண்ணூறு பேர் அவரைப் பார்த்துச் சிரித்தார்களாம். அதிலிருந்து கர்னல் எந்தக் கூடாரத்தைக் கடந்தாலும் உள்ளேயிருந்து ஒரு தவளைச் சத்தம் வருகிறது, பிடிக்கப் போனால் கத்தியவன் யாரென்று தெரிவதில்லை என்று ஒரு சிப்பாய் எழுதியிருந்தான். அதே கர்னலிடமிருந்து தனியாக ஒரு பாராட்டுக் கடிதமும் வந்தது. எதிரி நாட்டு அதிகாரிகளின் குணத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய படத்தைத் தான் பார்த்ததில்லை என்று.

மான்ஸனாரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஹாரியின் எழுத்து. வெர்னா அதைத் தனியாகப் படிக்க மாடிப்படிக்குப் போனாள்.

"சாப்பாட்டுக் கூடத்தில் சுவரில் படுக்கை விரிப்பைக் கட்டி உங்கள் படத்தைப் போட்டார்கள். சுதந்திரத்தைப் பற்றிய படம் என்று முகாம் அதிகாரி எங்களிடம் சொன்னார். வாசலில் காவலுக்கு நின்ற பையனும் துப்பாக்கியோடு உள்ளே வந்து பார்த்தான். தவளை டையை எடுத்தபோது நான் சிரித்த சிரிப்பில் அம்மா பயந்துபோய் முதுகைத் தடவினாள். மிஸ்டர் ஸ்ட்ரௌட்டை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும். அவர் எங்கே பார்த்தாலும் இருக்கிறார் போலிருக்கிறது. இங்கே எங்கள் பிளாக்கிலும் ஒருவர் இருக்கிறார், கழுத்து மட்டும் நீளம்."

வெர்னா அதை மூன்று முறை படித்தாள். இரண்டு முறை சிரித்தாள்.

மே மாதம் கேப்டன் ரே மறுபடி வந்தார். இந்த முறை படிவம் இல்லை, கோப்பு இருந்தது. ஸ்ட்ரௌட்டின் அறையில் வெர்னாவையும் இஸியையும் நிற்க வைத்துப் புகைப்படங்களை மேஜையில் பரப்பினார். குண்டு போடும் விமானங்கள். ஒவ்வொன்றின் மூக்கிலும் ஜெனரல் க்ரோக் கால்விரலில் நின்றுகொண்டிருந்தான்.

"பதினோரு விமானம். எல்லாம் நம்ம விமானம். எல்லாத்துலயும் எதிரியோட படம். சேவல் ஒண்ணுல கூட இல்ல" என்றார் கேப்டன். "மேலிடத்துல ஒரு விஷயம் தெரிஞ்சாகணும்னு கேக்கறாங்க. இந்தத் தவளைக்கு மாதிரியா இருந்தது யாரு? நம்ம தளபதிங்கள்ல யாரையாவது கிண்டல் பண்ணியிருக்கீங்களா?"

"எங்க ஸ்டுடியோலயா?" ஸ்ட்ரௌட் எழுந்தார். "கேப்டன், இங்க வேலை பாக்கற ஒவ்வொருத்தரும் தேசத்துக்காக என்ன பண்றாங்க தெரியுமா?" குதிகால் உயர்ந்தது. "தியாகம்." கழுத்து பட்டிக்கு மேலே வந்து நின்றது. "மிஸ் டோலெஃப்சன், சொல்லுங்க. பயப்படாதீங்க. யாரப் பாத்து வரைஞ்சீங்க?" கண்ணாடியைக் கழற்றி டையின் நுனியைத் தேடினார்.

கேப்டன் ரே புகைப்படத்தைப் பார்த்தார். ஸ்ட்ரௌட்டைப் பார்த்தார். மறுபடி புகைப்படம். இன்ஷூரன்ஸில் இருந்த மனிதர், எரிந்த வீட்டைப் பார்த்ததுமே யார் கொளுத்தியது என்று சொல்லக்கூடியவர். வெர்னா வாயைத் திறந்தாள். இஸி அவள் காலை மெதுவாக மிதித்தார்.

"சரி" என்றார் கேப்டன். பேனாவை எடுத்தார். "மாதிரி: எதிரி. அப்படியே எழுதிக்கறேன்."

"அவ்வளவுதானா?" என்றார் ஸ்ட்ரௌட், கண்ணாடியை மாட்டிக்கொண்டே.

"அவ்வளவுதான் சார். எனக்குப் புரிஞ்சுடுச்சு."

ஸ்ட்ரௌட்டுக்குப் புரிந்தது பத்து நாள் கழித்து. படத்தை ஊர் தியேட்டர்களில் பொதுமக்களுக்கும் காட்டலாம் என்று உத்தரவாகியிருந்தது. அவர் தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார். இருபத்திரண்டு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்திய அம்மாள், தவளை டையை எடுத்ததும் சிரிக்க ஆரம்பித்து, பெரிய படம் தொடங்கிய பிறகும் நிறுத்த முடியாமல் போக, தியேட்டர்காரன் டார்ச் விளக்கோடு வந்து அவளை வெளியே கூட்டிப்போனானாம். வீட்டுக்கு வந்ததும், "ஹார்லன், அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் தொடச்சுக் காட்டுங்களேன்" என்றாளாம். இதெல்லாம் அவரே பிறகு சொன்னதுதான்.

திங்கட்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். வெர்னா மேஜையிலேயே வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியைத் தின்றுகொண்டு இரண்டாம் படத்துக்கு வரைந்துகொண்டிருந்தாள். ஸ்ட்ரௌட் வந்து நின்றார். கண்ணாடி கையில் இருந்தது. துடைக்கத் தூக்கி, துடைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

"மிஸ் டோலெஃப்சன். நான் அப்படியா நிக்கறேன்?"

வெர்னா ரொட்டியைக் கீழே வைத்தாள். பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது. கடந்துபோயிற்று.

"சில நேரம் சார்."

"எப்ப?"

"தியாகம்னு சொல்லும்போது."

அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மெத்தை இல்லாத நாற்காலி. கொஞ்சம் அசைந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார். "மத்தவங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"கேன்டீன்ல தட்டு கழுவற அம்மாவுக்கு ஒருவேளை தெரியாம இருக்கலாம் சார்."

"ராணுவத்துக்கு?"

"கேப்டனுக்குத் தெரியும்னு நினைக்கறேன்."

வெர்னா தன் பென்சில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள். வேலை போன பிறகு பொறுக்கிக்கொண்டிருக்க வேண்டாம் என்று.

"அந்தப் படத்தக் காட்டுங்க" என்றார் அவர்.

காட்டினாள். பன்னிரண்டு தாள், ஒரு கழுத்து உப்பும் காட்சி. அவர் தாள்களின் ஓரத்தை விரலிடுக்கில் பிடித்துச் சரசரவென்று புரட்டினார். வெர்னா அவர் விரலைப் பார்த்தாள். பழகிய விரல். இவர் முதலாளியாவதற்கு முன்னால் மௌனப் படக் காலத்தில் நியூயார்க்கில் பூனை வரைந்துகொண்டிருந்தவர் என்று யாரோ சொல்லி அவள் நம்பாமல் இருந்தாள்.

"தப்பு" என்றார்.

"சார்?"

"ஒரேயடியா ரெண்டு பக்கமும் உப்புது. அது பலூன். கழுத்து அப்படி உப்பாது. இடப்பக்கம் முதல்ல வரும். பட்டன் தடுக்கும். தடுத்த உடனே வலப்பக்கம் வழியும். அப்பதான் பேசறவனுக்கு மூச்சு முட்டும், முட்டினாலும் நிறுத்த மாட்டான். சிரிப்பு அங்கதான் இருக்கு. பென்சில் கொடுங்க."

பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவர் ஹாரியின் வட்டக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, கழுத்துப்பட்டியை இறுக்கி, "தியாகம்" என்று அதனிடம் சொல்லிப் பார்த்தார். இன்னொரு தடவை சொன்னார். பிறகு குனிந்து வரைந்தார். முதல் இரண்டு தாளில் கை தடுமாறியது. மூன்றாவதில் தடுமாறவில்லை. சாப்பாட்டு மணி முடிந்து ஆட்கள் திரும்பியபோது முதலாளி கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தவளை வரைந்துகொண்டிருந்தார். இஸி வாசலிலேயே நின்று, சுருட்டை வாயிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

போகும்போது ஸ்ட்ரௌட் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அட்டை அட்டைதான், மிஸ் டோலெஃப்சன். அத எடுக்க மாட்டேன். யுத்த காலம்."

"சரி சார்."

இரண்டாம் படம் முதல் படத்தைவிட நன்றாக இருந்தது. அதுதான் வம்பாகப் போயிற்று. இப்போது இருபத்தாறு விமானங்களில் தவளை. ஒரு நீர்மூழ்கிக் கப்பலிலும். செப்டம்பரில் கேப்டன் ரே மூன்றாம் முறையாக வந்தார், முடிவை எழுத்தில் வாங்கிக்கொண்டு.

"மூணாவது படத்துல தவளை சாகணும். மேலிடத்து உத்தரவு."

"முடியாது" என்றார் ஸ்ட்ரௌட்.

கேப்டன் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார். "மிஸ்டர் ஸ்ட்ரௌட், அவன் எதிரி."

"எதிரிதான். நான் இல்லேங்கல. சிப்பாய்ங்களுக்குப் புடிச்ச ஒரே எதிரி அவன்தான், அவனையும் கொன்னுட்டா அப்புறம் அந்தச் சேவல வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? ஷூவுக்குப் பாலிஷ் போடறதயே அஞ்சு நிமிஷம் காட்டுவீங்களா?"

"உத்தரவு சார்."

"அவனுக்கு என்ன குறை சொல்லுங்க. அகங்காரம் புடிச்சவன். சரி. தன் குரலத் தானே கேக்கறதுல ஆசை. சரி. அதுக்காக ஒருத்தன் சாகணுமா?" குதிகால் உயர்ந்துவிட்டது. பாதியில் அவருக்கே தெரிந்து, அவசரமாகக் கீழே இறக்கினார்.

கேப்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் லேசாகக் குலுங்கியதை வெர்னா பார்த்தாள்.

"உயிரோட புடிக்கலாமே" என்றாள் அவள். முதலாளியும் கேப்டனும் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் குறுக்கே பேசுவது அதுவே முதல் தடவை. "கைதியாப் புடிச்சா உத்தரவுக்கும் பாதி கீழ்ப்படிஞ்ச மாதிரி. கைதிய நாம ஒழுங்கா நடத்தறோம்னும் காட்டலாம். அது ஒரு நல்ல பிரசாரம்தானே சார்?"

கேப்டன் யோசித்தார். கோப்பிலிருந்த படிவத்தைப் புரட்டினார். பதினேழாவது கேள்வி: 'படம் நமது நாட்டின் பெருந்தன்மையை வலியுறுத்துகிறதா?' இதுவரை எந்தப் படத்துக்கும் அதில் ஆம் போட வாய்ப்பு வந்ததில்லை.

"கைதியா இருந்து என்ன பண்ணுவான்?"

"சமையக்கட்டுல வேலை" என்றார் இஸி. "உருளைக்கிழங்கு உரிப்பான்."

"பேசக் கூடாது."

"மனுஷங்ககிட்ட பேச மாட்டான்" என்று இஸி வாக்குக் கொடுத்தார்.

கேப்டன் கையெழுத்துப் போட்டார். மூன்றாவது படம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வெளியே போனது. ஜெனரல் க்ரோக் கடைசிக் காட்சியில் அமெரிக்கச் சமையற்கட்டின் மூலையில் ஏப்ரன் கட்டிக்கொண்டு கவிழ்த்த பாத்திரத்தின்மேல் ஏறி நிற்கிறான். எதிரே நாற்பது உருளைக்கிழங்கு, வரிசை வரிசையாக, தோல் உரிபடுவதற்குக் காத்திருக்கிறது. அவன் குதிகாலை உயர்த்துகிறான். கழுத்து இடப்பக்கம் உப்பி, பட்டனில் தடுக்கி, வலப்பக்கம் வழிகிறது. அந்தக் காட்சியின் முப்பத்திரண்டு தாளையும் வரைந்தவர் ஹார்லன் ஸ்ட்ரௌட். அரசாங்கப் படம் என்பதால் யார் பெயரும் போடவில்லை.